பெருவுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: கடற்கரையில் தொடங்குங்கள், மலையில் முடியுங்கள்

பெருவுக்குப் போகிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி 'மச்சு பிச்சுவா?' என்பதுதான். பலருடைய பயணத் திட்டமும் அப்படியே இருக்கிறது. தலைநகர் லீமாவில் இறங்குவது, அடுத்த விமானத்தில் மலை நகரமான குஸ்கோ, மறுநாள் ரயில், இன்கா அரசர்கள் மலைமேல் கட்டிய மச்சு பிச்சுவில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவது. ஐந்து நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

இதில் இரண்டு நஷ்டம். கடல் மட்டத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் 3,400 மீட்டர் உயரத்தில் போய் இறங்கும் உடம்பு தலைவலியும் குமட்டலுமாகப் படுத்துக்கொள்ளும். இரண்டாவது நஷ்டம் இதைவிடப் பெரியது. பெருவில் நகரங்கள் எழத் தொடங்கி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் ஆகின்றன. அதில் இன்காக்கள் பேரரசாக விளங்கியது, ஸ்பானியர் வருவதற்கு முந்தைய நூறு ஆண்டுக்கும் குறைவு. இன்கா மன்னர் பச்சாகூட்டெக் 1438 வாக்கில் பட்டத்துக்கு வந்தார். 1532 நவம்பரில் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ, அப்போதைய இன்கா மன்னர் அத்தவால்பாவைக் கஹமார்கா நகரில் சிறைபிடித்துவிட்டார். அந்தக் குறுகிய காலத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதற்கு முந்தைய நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளை விமான ஜன்னல் வழியே கடந்து போய்விடுகிறோம்.

அதனால் நான் சொல்லும் வரிசை வேறு. கடற்கரையில் தொடங்குங்கள், பழையதை முதலில் பாருங்கள், மெதுவாக மேலே ஏறுங்கள். உடம்புக்கும் இதுதான் நல்லது, ஊரைப் புரிந்துகொள்ளவும் இதுதான் வழி. போகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே தண்ணீர் எங்கிருந்து வந்தது? பெருவின் பழைய கட்டடங்களில் பாதி இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள்தான்.

படி 1: வரைபடத்தை நெடுக்காக மூன்றாகப் பிரியுங்கள்

பெரு ஏறத்தாழ 12.85 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாடு. தென் அமெரிக்காவில் பிரேசில், அர்ஜென்டினாவுக்கு அடுத்து இதுதான் பெரியது. வடக்கே எக்குவடோர், கொலம்பியா, கிழக்கே பிரேசில், தென்கிழக்கே பொலிவியா, தெற்கே சிலி. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மேற்கிலிருந்து கிழக்காக மூன்று பட்டைகள் இருக்கின்றன என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

முதல் பட்டை கடற்கரை, ஸ்பானிய மொழியில் கோஸ்தா. நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மக்களில் பாதிக்கு மேல் இங்கேதான் வாழ்கிறார்கள். இது பாலைவனம். கடலோரத்தில், அதுவும் நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் பாலைவனம் எப்படி என்று கேட்பீர்கள். தெற்கிலிருந்து வடக்காகக் கரையை ஒட்டி ஓடும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்தது. கடலுக்கு மேலுள்ள காற்றை அது குளிர வைத்துவிடுவதால் ஈரம் மேலெழும்பி மழையாக மாறுவதில்லை, மூடுபனியாகக் கீழேயே தங்கிவிடுகிறது. கிழக்கிலிருந்து வரும் அமேசான் ஈரத்தையோ ஆண்டீஸ் மலை மறித்துக்கொள்கிறது. அதனால்தான் லீமாவில் குடை விற்கும் கடையைத் தேட வேண்டியிருக்கிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை வானம் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். கரூவா என்று அவர்கள் சொல்லும் மெல்லிய தூறல் சட்டையை நனைக்காமல் ஈரமாக்கும், அவ்வளவுதான்.

அதே குளிர்ந்த நீர் அடியிலிருந்து சத்துகளை மேலே கொண்டுவருவதால் கடலில் மீன் கொட்டிக் கிடக்கிறது, முக்கியமாக நெத்திலி வகை. நிலம் வறண்டது, கடல் வளமானது, இரண்டுக்கும் இடையே மலையிலிருந்து இறங்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன ஆறுகள். பழைய நாகரிகங்கள் எல்லாம் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளில்தான் எழுந்தன. சில ஆண்டுகளில் நீரோட்டம் தடுமாறிக் கடல் சூடாகிவிடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் அதைக் கவனித்த பெரு மீனவர்கள் குழந்தை இயேசுவை நினைத்து வைத்த பெயர்தான் எல் நினோ. அப்போது வடக்குக் கடற்கரையில் மழை அடித்து ஊற்றும். மண்ணால் கட்டிய பழைய நகரங்களுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது.

இரண்டாவது பட்டை மலை, சியெர்ரா. 6,768 மீட்டர் உயரமுள்ள வாஸ்கரான் நாட்டின் உச்சிச் சிகரம். பெருவோடு பொலிவியாவும் பங்கு போட்டுக்கொள்ளும் டிட்டிகாக்கா ஏரி 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உருளைக்கிழங்கு இந்த மலையில்தான் முதன்முதலில் பயிராக்கப்பட்டது. நம் சமையலறைக்கு அது வந்து சேர்ந்தது ஐரோப்பியக் கப்பல்கள் வழியாக; லீமாவில் 1971 முதல் அதற்கென்றே ஒரு சர்வதேச ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

மூன்றாவது பட்டை அமேசான் காடு, செல்வா. நாட்டில் பாதிக்கு மேல் இதுதான். இகீத்தோஸ் என்ற பெரிய நகரத்துக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. ஆற்றில் போக வேண்டும் அல்லது பறக்க வேண்டும். நாட்டின் தண்ணீரில் மிகப் பெரும் பங்கு இந்தப் பக்கமாகத்தான் வடிகிறது. மக்கள் நெருக்கமாக வாழும் பசிபிக் சரிவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2 சதவீதம். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள், காகிதங்களை முடியுங்கள்

மலையில் மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம், நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். கடற்கரையில் வெயில் அடிப்பது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். பழைய இடங்களைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் மலைக்கு முன்னுரிமை கொடுத்து மே அல்லது செப்டம்பரைப் பிடியுங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம். பிப்ரவரியை விட்டுவிடுங்கள், மழை வலுத்திருக்கும், நடந்தே மச்சு பிச்சு போகும் இன்கா பாதையையும் அந்த மாதம் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை. ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா அல்லது ஷெங்கன் நாடுகளின் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் நிலையில் கையில் இருந்தால், அல்லது அங்கே நிரந்தரக் குடியுரிமை அனுமதி இருந்தால், சுற்றுலாவுக்குத் தனியே எடுக்க வேண்டியதில்லை. விதிகள் மாறும் என்பதால் டிக்கெட் போடும் முன் டெல்லியில் உள்ள பெரு தூதரகத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். நேரடி விமானம் இல்லை. ஐரோப்பா அல்லது அமெரிக்கா வழியாகப் போகிறவர்கள் இடைவழி விசாவையும் பார்க்க வேண்டும்.

பலர் கோட்டை விடுகிற விஷயம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பெருவுக்குள் நுழையக் கேட்க மாட்டார்கள், ஆனால் திரும்பி வரும்போது இந்தியாவில் கேட்பார்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் இந்தியப் பட்டியலில் பெருவும் இருக்கிறது. சான்றிதழ் இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

படி 3: லீமாவைத் தாண்டி ஓடாதீர்கள்

குறைந்தது இரண்டு முழு நாள் லீமாவுக்குக் கொடுங்கள். 1535-இல் பிசாரோ அமைத்த தலைநகரம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே அங்கே ஊர் இருந்தது.

மிராஃப்ளோரெஸ் பகுதியில், அடுக்குமாடிகளுக்கு நடுவே, ஒரு மண் குன்று நிற்கும். வாகா புக்யானா. வாகா என்றால் புனித இடம். பழைய மண் பிரமிடுகளுக்கெல்லாம் இன்று இந்தப் பெயர்தான். கி.பி. 200 முதல் 700 வரையிலான காலத்தில் லீமா பண்பாட்டினர் கட்டியது. சுவருக்குப் பக்கத்தில் போய்ச் செங்கல்லைப் பாருங்கள். கையால் பிடித்து வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல். நாம் படுக்கவைத்து அடுக்குவோம். அவர்கள் அலமாரியில் புத்தகம் வைப்பதுபோல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், இடையிடையே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு. நிலம் குலுங்கும்போது ஒவ்வொரு கல்லும் கொஞ்சம் அசைய இடம் இருக்கிறது, அதனால் சுவர் மொத்தமாகப் பிளப்பதில்லை. நிலநடுக்கத்தோடு வாழ்ந்து பழகியவர்களின் கட்டுமானம் இது.

அடுத்து லார்கோ அருங்காட்சியகம். நேரம் குறைவாக இருந்தால் லீமாவில் வேறெதையும் விடலாம், இதை விடக்கூடாது. பெருவின் காலவரிசை முழுக்க இங்கே மண்பாண்டங்களாக நிற்கிறது. இன்காக்களுக்கு முன் வடக்குக் கடற்கரையில் வாழ்ந்த மோச்சே மக்கள் செய்த முகக் கலயங்கள் முன் நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொன்றும் ஒரு தனி ஆளின் முகம், கன்னத்து மடிப்பு வரை. அவர்களிடம் எழுத்து இல்லை. கீப்பு என்னும் முடிச்சுக் கயிறுகளையும் இங்கே பார்க்கலாம். இன்கா அரசாங்கம் கணக்கு வைத்திருந்தது இதில்தான்: முடிச்சின் வகை எண்ணைச் சொல்லும், கயிற்றில் அது இருக்கும் உயரம் ஒன்று, பத்து, நூறு என்ற இடத்தைச் சொல்லும். எண்கள் புரிந்துவிட்டன. கதைகளும் அதில் இருக்கின்றனவா என்று ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. இந்த அருங்காட்சியகத்தைப் பயணத்தின் தொடக்கத்தில் பார்த்துவிட்டால், அப்புறம் போகிற இடங்களில் எது யாருடையது என்று குழம்ப மாட்டீர்கள்.

இன்னொரு நாள் இருந்தால் நகரத்துக்குத் தெற்கே பச்சகாமாக் போய் வரலாம். குறி கேட்க ஊர் ஊராக மக்கள் வந்த தலம். இன்காக்கள் அந்த இடத்தைப் பிடித்த பிறகும் பழைய தெய்வத்தை அகற்றாமல் பக்கத்திலேயே தங்கள் சூரியக் கோயிலைக் கட்டிக்கொண்டார்கள்.

படி 4: வடக்கா தெற்கா?

லீமாவிலிருந்து கடற்கரையோரம் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலோர் பாலைவனத் தரையில் பெரிதாக வரைந்த நாஸ்கா கோடுகளைப் பார்க்கத் தெற்கே போகிறார்கள். பழமையில் உண்மையான ஆர்வம் உள்ளவர்களுக்கு என் தேர்வு வடக்கு. கூட்டம் குறைவு, பார்ப்பதற்கு அதிகம்.

வடக்கே போகும் வழியில் லீமாவிலிருந்து 200 கிலோமீட்டருக்குள், சூப்பே பள்ளத்தாக்கில் காரல் இருக்கிறது. ரூத் ஷாடி என்ற பெரு நாட்டுத் தொல்லியலாளர் 1990-களில் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். 2001-இல் வெளியான கரிமக் காலக்கணிப்பு அதை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. எகிப்தில் பிரமிடு எழுந்த காலத்திலேயே, சிந்துவெளி நகரங்கள் வளர்ந்த காலத்திலேயே, இங்கேயும் பிரமிடுகள், வட்ட வடிவச் சதுக்கங்கள். ஆனால் மண்பானை கிடையாது. பருத்தி விளைவித்து வலை பின்னிக் கடலோரத்தாருக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு நெத்திலியும் மத்தியும் வந்தன. நான் மேலே சொன்ன வறண்ட நிலமும் வளமான கடலும் இங்கே ஒரு நகரமாகவே ஆகிவிட்டன. பெலிக்கான் எலும்பில் செய்த புல்லாங்குழல்களும் கிடைத்திருக்கின்றன. மேடைகளுக்குள் என்ன நிரப்பியிருக்கிறார்கள் என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். நாணல் கயிற்றில் பின்னிய பைகள், உள்ளே கற்கள், பையோடு அப்படியே வைத்துவிட்டார்கள். சிக்ரா என்று பெயர். தாவர நார் என்பதால் காலத்தைக் கணிக்கவும் அந்தப் பைகளே உதவின. காரல் வெயிலில் நிழலே இருக்காது. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

அடுத்த ஊர் த்ருஹியோ. லீமாவிலிருந்து இரவுப் பேருந்தில் ஏறினால் காலையில் போய்ச் சேரலாம். படுக்கை வசதியுள்ள பேருந்துகள் நன்றாகவே இருக்கும். இங்கே இரண்டு காலங்கள் பக்கத்தில் பக்கத்தில். மோச்சேக்களின் சந்திர வாகாவில், பழைய கோயிலை மண்ணால் நிரப்பி மூடிவிட்டு அதன்மேல் புதியதைக் கட்டியிருக்கிறார்கள். அப்படி மூடியதாலேயே உள்ளே சுவர் ஓவியங்களின் சிவப்பும் மஞ்சளும் அழியாமல் இருக்கின்றன. எதிரே நிற்கும் சூரிய வாகாவில் பெரும்பகுதி இப்போது இல்லை. உள்ளே தங்கம் இருக்கும் என்று ஸ்பானியர் காலத்தில் ஆற்றையே திருப்பிவிட்டுக் கரைத்துவிட்டார்கள்.

ஊருக்கு மேற்கே சான் சான். இன்காக்களிடம் 1470 வாக்கில் தோற்கும் வரை சிமூ அரசின் தலைநகரம். ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர், அத்தனையும் மண். அரண்மனைச் சுவர்களில் மீன்களும் பறவைகளும் வரிசையாகப் போகும்; சில சுவர்கள் மீன்வலை மாதிரி சாய்சதுர ஓட்டைகளோடு இருக்கும், காற்று உள்ளே வர. இங்கேயும் தண்ணீர்க் கேள்வியைக் கேளுங்கள். நிலத்தடி நீர் மட்டம் வரை படிக்கட்டு இறங்கும் பெரிய குளம் ஒன்று அரண்மனைக்குள் இருக்கிறது. 1986-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அதே ஆண்டே ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள், காரணம் மழை. எல் நினோ ஆண்டில் போனால் சுவர்களுக்கு மேல் கூரை போட்டிருப்பதைப் பார்க்கலாம்.

இன்னும் மூன்று நான்கு மணி நேரம் வடக்கே போனால் சிக்லாயோ. பக்கத்து ஊரான லம்பாயேக்கேயில் சிப்பான் அரச கல்லறைகள் அருங்காட்சியகம் இருக்கிறது. 1987-இல் கல்லறைத் திருடர்கள் ஒரு மண் மேட்டைத் தோண்டத் தொடங்க, வால்டர் ஆல்வா என்ற தொல்லியலாளர் காவல்துறையோடு போய் அதை நிறுத்தி, பக்கத்திலேயே தானும் தோண்டினார். கிடைத்தது சிப்பான் பிரபு என்று இன்று அழைக்கப்படும் மோச்சே ஆட்சியாளரின் தொடப்படாத கல்லறை. அவர் கழுத்தில் இருந்த மாலையின் மணிகள் நிலக்கடலை வடிவத்தில் இருக்கின்றன. ஓட்டோடு உள்ள கடலை, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, மேலே வலைக் கோடுகள் வரை அச்சு அசலாக. வலப்பக்கம் எல்லாம் பொன், இடப்பக்கம் எல்லாம் வெள்ளி. கடலையின் தாயகம் தென் அமெரிக்காதான்; அங்கிருந்துதான் அது நம் செம்மண் காடுகளுக்கு வந்தது. அதை ஒரு அரசனின் மாலையில் பார்க்கும்போது நமக்குக் கூடுதலாக ஒரு நெருக்கம் வரத்தான் செய்யும்.

சரி, தெற்குதான் வேண்டும் என்றால்: நாஸ்கா கோடுகள் லீமாவிலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர். மேலே கிடக்கும் கருத்த கற்களை அகற்றி, அடியில் இருக்கும் வெளிறிய மண் தெரியும்படி வரைந்தவை. மழை இல்லாததால் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் நிற்கின்றன. ஜெர்மனியிலிருந்து வந்த கணிதம் படித்த மரியா ரைஹே தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இவற்றை அளக்கவும் காக்கவும் செலவிட்டார். சின்ன விமானத்தில் அரை மணி நேரம் சுற்றிக் காட்டுவார்கள். விமானம் இடமும் வலமுமாகச் சாயும் என்பதால் வெறும் வயிற்றிலும் போகாதீர்கள், முட்டச் சாப்பிட்டும் போகாதீர்கள். சாலையோரக் கோபுரத்திலிருந்து இரண்டு மூன்று உருவங்களைக் குறைந்த செலவில் பார்க்கலாம். கோடுகளோடு நிறுத்திவிடாமல் கான்தாயோக் போய் புக்கியோக்களையும் பாருங்கள். நிலத்துக்கடியில் ஓடும் கால்வாய்கள் அவை. சுருள் சுருளாகக் கீழே இறங்கும் பள்ளத்தின் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். இன்றும் முப்பதுக்கும் மேற்பட்ட புக்கியோக்கள் வயலுக்குப் பாய்கின்றன. கோடுகளை வரைந்தவர்கள் எப்படி உயிர்வாழ்ந்தார்கள் என்பதற்குப் பதில் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது.

படி 5: மலையேற்றத்தை உடம்புக்கு ஏற்றபடி செய்யுங்கள்

உயரத்தால் வரும் தலைச்சுற்றல், மூச்சிரைப்பு, தூக்கமின்மைக்கு அங்கே சொரோச்சே என்று பெயர். வயது, உடற்பயிற்சி எதுவும் இதற்குக் கணக்கில்லை, யாருக்கும் வரலாம்.

எளிய தந்திரம் ஒன்று இருக்கிறது. குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் குஸ்கோவில் தங்காதீர்கள். வண்டி பிடித்து நேராகப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அங்குள்ள உருபாம்பா, ஒயான்தாய்தாம்போ ஊர்கள் இரண்டும் 2,800 மீட்டர் அளவில் இருக்கின்றன. குஸ்கோவைவிட ஏறத்தாழ 600 மீட்டர் தாழ்வு. இரவு தூங்கும் உயரம்தான் முக்கியம். அங்கே இரண்டு இரவு, அப்புறம் மச்சு பிச்சு, அது 2,430 மீட்டர்தான், கடைசியாகக் குஸ்கோ. முதல் நாள் வேகமாக நடக்காதீர்கள், இரவு குறைவாகச் சாப்பிடுங்கள், மது வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். இதயம், நுரையீரல், ரத்த அழுத்தச் சிக்கல் உள்ளவர்கள் கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்கள்; உயரத்துக்கான தடுப்பு மாத்திரையும் அவர் சொன்னால் மட்டும். விடுதிகளில் கோக்கா இலைத் தேநீர் வைத்திருப்பார்கள். அங்கே அது சட்டப்படியானது, மக்கள் அன்றாடம் குடிப்பது. ஆனால் ஒரு பொட்டலம்கூடப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். இந்தியாவிலும் வழியிலுள்ள பல நாடுகளிலும் கோக்கா இலை தடை செய்யப்பட்ட பொருள்.

படி 6: பள்ளத்தாக்கில் தண்ணீரைத் தொடருங்கள்

குஸ்கோ சுற்றுலாச் சீட்டு என்று ஒன்று விற்கிறார்கள். 16 இடங்கள், 10 நாள் செல்லும். சக்சைவமான், பிசாக், ஒயான்தாய்தாம்போ, மொராய், திப்போன் எல்லாம் அதில் அடங்கும். கொரிகாஞ்சா கோயிலுக்கும் மராஸ் உப்பளத்துக்கும் மச்சு பிச்சுவுக்கும் தனிச் சீட்டு.

ஒயான்தாய்தாம்போவில் கோட்டை மேல் ஏறுவதற்கு முன் கீழே ஊருக்குள் நடங்கள். இன்கா காலத்துத் தெருக்களில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. தெருவோரக் கல் வாய்க்காலில் மலைத் தண்ணீர் சத்தத்தோடு ஓடும். மொராயில் வட்ட வட்டமாகக் கீழே இறங்கும் அடுக்கு வயல்கள். மேலுக்கும் கீழுக்கும் வெப்பநிலை மாறுபடுவதால் இது பயிர்ச் சோதனைக் களமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பக்கத்தில் மராஸ்: மலையிடுக்கிலிருந்து ஒழுகும் உப்பு ஊற்றை ஆயிரக்கணக்கான சிறு பாத்திகளுக்குப் பிரித்துவிட்டு, ஊர்க் குடும்பங்கள் இன்றும் உப்பு எடுக்கின்றன. குஸ்கோவுக்குத் தென்கிழக்கே திப்போனில் கூட்டமே இருக்காது. ஊற்று நீரை ஒன்றாகவும் இரண்டாகவும் நான்காகவும் பிரித்துக் கல் வழியே விழவைத்திருக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டாகியும் ஒழுங்கு குலையவில்லை. எனக்குப் பிடித்த இன்கா தலம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

படி 7: மச்சு பிச்சு

முதலில் சீட்டு. பெரு அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணோடு பதிவு செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போவதென்றால் மூன்று நான்கு மாதம் முன்பே எடுங்கள். 2024 முதல் மூன்று சுற்றுப் பாதைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் பாதை மேலிருந்து முழுக் காட்சியைக் காட்டும், ஆனால் ஊருக்குள் அதிகம் விடாது. மூன்றாவது கீழ்ப்பகுதி, வைனா பிச்சு சிகரம் ஏறுபவர்களுக்கானது. முதல் முறை போகிறவர்கள் இரண்டாவது பாதையை எடுங்கள், காட்சியும் உண்டு, ஊரும் உண்டு. அது கிடைக்கிற தேதியைப் பார்த்துவிட்டு மற்ற நாட்களை அதற்கேற்ப அமையுங்கள்.

சாலை கிடையாது. ஒயான்தாய்தாம்போவிலிருந்து ரயிலில் மலையடிவார ஊரான அகுவாஸ் காலியெந்தேஸ், அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் பேருந்து. ரயிலில் பெரிய பெட்டிக்கு இடமில்லை. சின்னப் பையோடு போய், மீதியை விடுதியில் விட்டுவிடுங்கள். அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வையுங்கள். கழிப்பறை வாசலுக்கு வெளியேதான், உள்ளே போய்விட்டால் திரும்ப வர முடியாது. நான்கு நாள் நடந்து போகும் இன்கா பாதைக்கு ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, சுமை தூக்குபவர்களையும் சேர்த்து. உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக முடியும்.

மச்சு பிச்சுவை அமெரிக்கரான ஹிராம் பிங்கம் 1911 ஜூலை 24 அன்று 'கண்டுபிடித்தார்' என்று சொல்வார்கள். அவர் போனபோது அங்கே விவசாயக் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. குஸ்கோ பகுதிக்காரரான அகுஸ்தின் லிசாராகா 1902-லேயே வந்து சுவரில் தன் பெயரை எழுதியிருந்தார். பிங்கம் எடுத்துப்போன பொருள்களை யேல் பல்கலைக்கழகம் நூறு ஆண்டு கழித்துத்தான் திருப்பித் தந்தது. அவற்றைக் குஸ்கோவில் பார்க்கலாம்.

உள்ளே போனதும் எல்லோரும் சிகரத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் காலடியைப் பாருங்கள். மலைச் சரிவில் ஒரு ஊற்று. அதிலிருந்து சுமார் 750 மீட்டர் நீளத்துக்கு மிக மெல்லிய சரிவில் ஒரு கல் வாய்க்கால். அது ஊருக்குள் வந்து 16 நீர்த்தொட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக விழுகிறது. முதல் தொட்டி மன்னர் இருப்பிடத்தை ஒட்டி இருக்கிறது. கடற்கரையில் தண்ணீர் இல்லாத கவலை என்றால் இங்கே மழை அளவுக்கு மீறிப் பெய்கிற கவலை. சுவர்களில் ஆங்காங்கே சின்னச் சதுர ஓட்டைகள் தெரியும், அவை வடிகால்கள். ஊர் முழுக்க நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. சதுக்கத்தின் புல்லுக்கு அடியில் கல் செதுக்கிய சில்லுகளைக் கொட்டி, மழைநீர் இறங்க வழி செய்திருக்கிறார்கள். அடுக்கு வயல்களும் பயிருக்கு மட்டுமில்லை, மலை சரியாமல் பிடித்துக்கொள்வதும் அவைதான்.

திரும்பி வந்து குஸ்கோவில் இரண்டு நாள். கொரிகாஞ்சாவில் இன்காக்களின் சூரியக் கோயில் சுவர்மேல் ஸ்பானியர் கட்டிய தேவாலயத்தைப் பாருங்கள். 1950 நிலநடுக்கத்தில் மேலே இருந்தது இடிந்தது, கீழே இருந்த கல் சுவர் நின்றது.

படி 8: நாள் மீதி இருந்தால், நடந்துகொள்ளும் முறை

டிட்டிகாக்காவுக்கு குஸ்கோவிலிருந்து ஒரு பகல் பேருந்து. வடக்கே சாச்சபோயாசில், ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில், குவேலாப் கோட்டை. 2017 முதல் கம்பிவட வண்டி ஓடுகிறது. ஜூன் மாதம் குஸ்கோவில் இருந்தால் கெஸ்வாசாகா புல் பாலத்தைப் பற்றி விசாரியுங்கள். அபுரிமாக் ஆற்றின் மேல் பழைய பாலத்தை அறுத்துவிட்டு, சுற்றுக் கிராமத்தார் புல்லைத் திரித்துக் கயிறாக்கி ஆண்டுதோறும் புதுப் பாலம் கட்டுகிறார்கள். இன்காக்களின் பெருவழி வலையமைப்பில் இன்றும் உயிரோடிருக்கும் பகுதி அது.

சைவம் சாப்பிடுபவர்கள் 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன் வேண்டாம். முதலாவதை மட்டும் சொன்னால் கோழி வரக்கூடும். சூப்பில் எலும்புச் சாறு இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். கின்வா, உருளைக்கிழங்கு, பெரிய மணி மக்காச்சோளம், சோறு எங்கும் கிடைக்கும்.

மலை ஊர்களில் கெச்சுவாவும் அய்மாராவும் பேசுகிறவர்களிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். பழைய இடங்களில் ட்ரோன் கூடாது, சுவரில் சாயக் கூடாது, நாஸ்கா பரப்பில் கால் வைக்கவே கூடாது. அங்கே ஒரு காலடித் தடம் பல தலைமுறைக்கு அழியாது. சாலையில் யாராவது பழைய பானை, துணி, மணி என்று நீட்டினால் வாங்காதீர்கள். போலியாக இருந்தால் பணம் போனது. அசலாக இருந்தால் எங்கோ ஒரு கல்லறையை உடைத்து எடுத்தது. நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதும் குற்றம்.

பத்து நாள்தான் என்றால்: லீமா 2, காரல் 1, த்ருஹியோ 2, புனிதப் பள்ளத்தாக்கு 2, மச்சு பிச்சு 1, குஸ்கோ 2. பதினான்கு நாள் கிடைத்தால் சிக்லாயோவுக்கு இரண்டும் நாஸ்காவுக்கு இரண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.